இரைப்பைக்குள் எட்டிப் பார்த்த மருத்துவர்

“சாப்பிட்டவுடன் ஓடாதே, சீரணம் ஆகாது” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கூற்று சரிதான். காரணம் என்ன? இதை இரைப்பைக்குள்ளேயே பார்த்து ஆராய்ந்த நூல் ஒன்று உண்டு. அமெரிக்க இராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட் 1833-இல் வெளியிட்ட, இரைப்பை நீரையும் சீரணத்தையும் பற்றிய நூலே அது. அதன் நிறைகுறைகளைக் காண்போம்.

1822 ஜூன் 6 அன்று, மாக்கினா தீவில் துப்பாக்கி ஒன்று தவறுதலாக வெடித்தது. அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளம் தொழிலாளியின் இரைப்பையில் துளை விழுந்தது. போமாண்டின் சிகிச்சையால் அவர் பிழைத்தார். துளை மட்டும் மூடவில்லை. அதுவே மருத்துவருக்குச் சன்னலாயிற்று. 1825 ஆகஸ்டு 1 அன்று, இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோசுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி உள்ளே விட்டு, அவ்வப்போது வெளியே இழுத்துப் பார்த்தார். பின்னர் இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்து, உடலின் வெப்பநிலையிலேயே வைத்து, அதிலும் உணவு கரைவதைக் காட்டினார். சீரணத்தில் வேதிவினை உண்டு என்பதற்கு இது வலுவான சான்று. நூலின் பெருமை இதில்தான் இருக்கிறது.

இனி உழைப்புக்கு வருவோம். மிதமான உழைப்பு சீரணத்திற்கு உதவும். களைப்பூட்டும் கடும் உழைப்பு அதைத் தாமதப்படுத்தும் என்கிறார் போமாண்ட். இதற்கு அவர் தரும் காரணங்கள் இரண்டு. ஒன்று, உடலின் சோர்வில் இரைப்பையும் பங்கு கொள்கிறது என்பது. மற்றொன்று, வியர்வை ஆவியாவதால் உடல் குளிர்ந்துவிடுகிறது என்பது.

முதற் காரணம் விளக்கமே அன்று. கண்டதற்கு இன்னொரு பெயர் சூட்டுவதுதான். இரண்டாவது, பௌதிகம் படித்தவர்களுக்குக் கவர்ச்சியாகத் தோன்றும். ஆவியாதல் வெப்பத்தைக் கவரும் என்பது உண்மை. ஆனால் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகிறது. வியர்வை அந்த வெப்பத்தை வெளியேற்றவே பாடுபடுகிறது. தோல் குளிரலாம், உடலின் உட்பகுதியோ கடும் உழைப்பில் சூடேறுகிறது. உழைப்பு இரைப்பையின் வெப்பநிலையை உயர்த்துகிறது என்று போமாண்டின் வெப்பமானியே காட்டியது! தம் நூலில் ஓரிடத்தில் அளந்ததை இன்னோரிடத்து விளக்கத்துடன் அவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

உண்மைக் காரணம் குருதி ஓட்டத்தில் இருக்கிறது. ஓய்வில் இதயம் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் குருதியைச் செலுத்துகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குடல், கல்லீரல் முதலிய உறுப்புகளுக்குச் செல்கிறது. வேகமாக ஓடும்போது தசைகளுக்குக் குருதி ஏராளமாக வேண்டும். உடனே பரிவு நரம்புகள் வயிற்று உறுப்புகளின் குருதிக் குழாய்களைச் சுருக்குகின்றன. மிகக் கடும் உழைப்பில் அங்கு செல்லும் குருதி முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்காகக் கூடக் குறையும். இது வியப்பன்று. புவாசெய் விதியை நினைவு கூருங்கள். குழாயின் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே ஓட்டம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். குருதிக்கு இவ்விதி தோராயமாகவே பொருந்தும். எனினும் போக்கு விளங்குகிறதல்லவா?

விளைவு என்ன? இரைப்பை காலியாவது தாமதமாகிறது. குமட்டலும் வயிற்று வலியும் வரலாம். நெடுந்தொலைவு ஓடுவோரில் சிலருக்கு வயிற்றுப்போக்கும், குடலின் உட்சுவர் பாதிக்கப்பட்டு மலத்தில் இரத்தமும் காணப்படுவதுண்டு.

நூலில் வேறு குறைகளும் உள்ளன. கடும் உழைப்பு என்றால் எவ்வளவு? அதற்கு அளவு இல்லை. ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே மனிதரின், அதுவும் துளை விழுந்த இரைப்பையில் நடந்தவை. அந்த மனிதரோ எழுத்தறியாத ஏழை. ஆண்டுக்கு 150 டாலர் ஒப்பந்தத்தில் தம் வயிற்றை ஆய்வுக்குக் கொடுத்தவர். சோதனைகளின்போது அவர் பட்ட வேதனையும் நூலில் பதிவாகியிருக்கிறது. 1880-இல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலை அறுத்துப் பார்க்கக் குடும்பத்தார் இடந்தரவில்லை. அறிவியல் அவருக்குப் பட்ட கடனை இந்நூலைப் படிப்போர் மறக்கலாகாது.

ஆயினும் போமாண்ட் கண்டவற்றை ஒளிக்காமல் எழுதி வைத்தார். அதனால்தான் அவர் தவற்றை அவர் அளவைக் கொண்டே நாம் திருத்த முடிகிறது. மாணவர்களே, உங்கள் செய்முறைக் குறிப்பேட்டிலும் விடைக்குப் பொருந்தாத அளவை அழித்து விடாதீர்கள். நாளை உங்களைத் திருத்தப் போவது அதுவாகவே இருக்கலாம்.