சூடேற்றினால் குதிகால் பொருந்துமா?

கனடாவின் ஹாக்கிக் கடைகள் பலவற்றில் புது ஸ்கேட் வாங்குபவருக்கு அங்கேயே இன்னொரு சேவையும் கிடைக்கும். காலணியை ஓவனில் வைத்து ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்கள் சூடேற்றுவார்கள். மேலோடு இளகியதும் காலை நுழைத்து, குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி லேஸை இறுக்கிக் கட்டி, ஆறும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் நடக்காமல் உட்காரச் சொல்வார்கள். பாயர், சிசிஎம் நிறுவனங்களின் இன்றைய ஸ்கேட்டுகள் பலவும் இப்படி இளகும் பொருள்களால் ஆனவை. குதிகால் சரியாக உட்காராத குறைக்கு இதுவே மருந்து என்று நம்புவோரும் உண்டு. அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

குதிகாலுக்கு இத்தனை கவனம் தேவைதான். ஹாக்கி பிளேடின் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர். ஃபிகர் ஸ்கேட்டிங் பிளேடு அதைவிடச் சற்றே தடித்தது. இந்த மெல்லிய விளிம்பைச் சாய்த்துத்தான் திரும்பவும் நிற்கவும் வேண்டும். முழங்காலை மடக்கும்போது குதிகால் எழும்பினால், காலின் அசைவில் ஒரு பங்கு காலணிக்குள்ளேயே வீணாகிவிடும். அதை ஈடுகட்ட லேஸை மேலும் இறுக்கினால் கணுக்காலின் முன்புறத் தசைநாண்கள் நசுங்கி வலிக்கும். ஓயாத உராய்வால் குதிகாலின் பின்பக்கம் எரிச்சல் கண்டு, நாளடைவில் புடைப்பும் தெரியலாம்.

சூடேற்றுவதன் பலன் உண்மையானது. வாரக்கணக்கில் வலியோடு அணிந்து பழக்க வேண்டிய காலணி ஒரே நாளில் ஓரளவு இணங்கிவிடுகிறது. இரண்டு கால்களும் ஒரே அளவில் இருப்பது அரிது. அந்த வேறுபாட்டுக்கும் தக்கபடி மேலோடு வளைந்து கொடுக்கிறது. கணுக்கால் எலும்புகள் உறுத்தும் இடத்தில் குழி விழுகிறது. அவற்றுக்குக் கீழே பக்கச் சுவர்கள் காலை ஒட்டி அணைப்பதால் குதிகாலின் பிடிப்பும் சற்றுக் கூடுகிறது.

அந்தச் 'சற்று' என்பதே அதன் எல்லை. கால் உள்ளிருந்து அழுத்தும்போது இளகிய மேலோடு பெரும்பாலும் வெளிப்பக்கமாகத்தான் விலகும். கூடுதலாக இருக்கும் இடம் சுருங்கிவிடாது. குதிகாலைச் சுற்றியுள்ள பகுதி மிகவும் விறைப்பானது என்பதால் அது மாறுவதும் குறைவு. சட்டைக்கு இஸ்திரி போட்டால் சுருக்கம் போகும், தோள் அளவு குறையாது. மேலும், மீண்டும் மீண்டும் சூடேற்றினால் பசை தளரும். சூடாக இருக்கும்போது லேஸைப் பக்கவாட்டில் இழுத்தால் துளைகள் பிய்ந்துபோகலாம்.

இதைவிடப் பெரிய கேடு, தவறான தேர்வுக்கு இந்தச் சேவை துணைபோவதுதான். வளரும் பிள்ளைக்கு ஓர் அளவு பெரிதாக வாங்கும் பெற்றோரும், கையிருப்பில் உள்ளதை விற்க நினைக்கும் கடைக்காரரும் 'சூடேற்றினால் சரியாகிவிடும்' என்ற சமாதானத்தில் எளிதாக ஒன்றுபடுகிறார்கள். ஆனால் தீர்வு அகலத்தில் இருக்கிறது. பாயர் மூன்று வகைப் பொருத்தங்களில் ஸ்கேட் தருகிறது. ரீடல் போன்ற ஃபிகர் காலணி நிறுவனங்களிடம் முன்பாதத்துக்கு ஓர் அகலம், குதிகாலுக்கு அதைவிடக் குறுகிய அகலம் என்று சொல்லியே செய்துகொள்ளலாம். விலையும் காத்திருப்பும் கூடும் என்பது இவ்வழியின் குறை. குறுகிய குதிகாலும் அகன்ற முன்பாதமும் உள்ளவருக்கு அந்தச் செலவு தகும்.

ஆகவே சோதனை ஓவனுக்கு முன்பே நடக்க வேண்டும். லேஸ் கட்டாமல் விரல்களை முன்முனை வரை தள்ளும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரலுக்கு மேல் நுழைந்தால் காலணி பெரிது. லேஸ் கட்டி முழங்காலை மடக்கும்போது குதிகால் எழும்பினால் காலணியின் அகலம் அதிகம். இந்த இரண்டிலும் தேறிய காலணியைச் சூடேற்றினால் நல்ல பொருத்தம் இன்னும் நன்றாகும். தேறாததைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவதுதான் சிக்கனம்.