ஆள் பாதி, ஆடை பாதியா?

பஸ்ராவில் பிறந்து, அரபு உரைநடைக்கு அழியாப் புகழ் தேடித் தந்தவர் அல்ஜாஹிழ். 'ஜாஹிழ்' என்பது அவருடைய இயற்பெயர் அன்று. விழி பிதுங்கியவர் என்று பொருள்படும் பட்டப்பெயர். அப்பாஸியக் கலீஃபா முதவக்கில், தம் மைந்தர்க்கு ஆசிரியராக அமர்த்தும் எண்ணத்துடன் இவரை அழைப்பித்தார். நேரில் கண்டதும் கலீஃபாவுக்கு அவருடைய முகம் பிடிக்கவில்லை. பத்தாயிரம் திர்ஹம் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். இச்செய்தியை அல்ஜாஹிழே கூறியதாக இப்னு கல்லிகான் தம்முடைய வரலாற்று நூலில் பதிந்து வைத்திருக்கிறார். விலங்குகளைப் பற்றியும், நாவன்மையைப் பற்றியும், கஞ்சர்களைப் பற்றியும் எழுதிக் குவித்த அந்தப் பேரறிஞரிடம் பாடம் கேட்கும் பேற்றை, முக அழகு பார்த்ததனால் அரசிளங்குமரர்கள் இழந்தனர். இழப்பு யாருக்கு என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இது நடந்து ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் நேர்முகத் தேர்வு அறைகளில் இன்றும் முதவக்கில்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஒரே ஒரு வேறுபாடு: அவர்கள் பத்தாயிரம் திர்ஹம் கொடுப்பதில்லை. "தகவல் அனுப்புகிறோம்" என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கிறார்கள்.

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. வேலைக்குப் புறப்படும் பிள்ளையிடம் இதைச் சொல்லாத பெற்றோர் அரியர். தூய்மையாகச் செல், ஒழுங்காக உடுத்து என்ற அளவில் இது நல்லுரையே. தூய்மை நம் மார்க்கம் வலியுறுத்துவது. அதை வேண்டாம் என்பார் யாருமில்லை. ஆனால் வேலை கொடுப்பவர் இப்பழமொழியைக் கையில் எடுக்கும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. அவர் பார்ப்பது உடையை மட்டும் அன்று. நிறத்தைப் பார்க்கிறார், உயரத்தைப் பார்க்கிறார், பல்வரிசையைப் பார்க்கிறார், தாடியையும் முக்காட்டையும் பார்க்கிறார். உடையைத் துவைத்து உடுத்தலாம். பிறவியில் வந்த நிறத்தைத் துவைக்க முடியுமா? பாதியாவது ஆளுக்கு உரியது என்று பழமொழி ஒப்புக்கொள்கிறது. நடைமுறை அந்தப் பாதியையும் பறித்துக்கொள்கிறது.

இது வெறும் மனக்குறை என்று எண்ணுவோர் உளர். அவர்களுக்காக ஓர் ஆய்வைச் சுட்டலாம். டேனியல் ஹேமர்மெஷ், ஜெஃப் பிடில் என்னும் பொருளியலறிஞர் இருவர் அமெரிக்கா, கனடா நாடுகளின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து 1994-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நடுத்தரத் தோற்றம் உடையவர்களைவிட, அழகு குறைந்தவர்கள் என்று கருதப்பட்டோர் ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைவாகவே ஊதியம் பெறுகின்றனர் என்பது அவர்கள் கண்ட முடிவு. இந்தக் குறை பெண்களுக்கு மட்டுமே என்பதும் இல்லை. ஆண்களையும் அதே அளவுக்குத் தாக்குகிறது என்றும் கண்டனர். முகத்துக்கு விதிக்கப்படும் வரி என்றே இதனைக் கூறலாம். அதைக் கட்டுபவர், தாம் கட்டுவதை அறியாமலே வாழ்நாள் முழுவதும் கட்டுகிறார்.

எனினும் நடுநிலை பிறழாது நோக்க வேண்டும். தோற்றத்துக்கு எந்தத் தொழிலிலும் இடமே இல்லையா? வள்ளுவரை நாடினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. உருவம் கண்டு ஒருவரை இகழலாகாது என்று அவர் எச்சரிக்கும் குறளை அனைவரும் அறிவர். பெருந்தேருக்குச் சிற்றச்சாணியை உவமை காட்டிய குறள் அது. அது எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அன்புடைமையிலோ அருளுடைமையிலோ இல்லை. 'வினைத்திட்பம்' என்னும் அதிகாரத்தில் இருக்கிறது. ஆகவே அவர் இரக்கத்தைப் பேசவில்லை, வேலையைப் பேசுகிறார். அச்சாணியைச் சிறிதென்று எறிந்தால் தேர்தான் கவிழும். அதே வள்ளுவர், 'தூது' என்னும் அதிகாரத்தில், தூது செல்வோனுக்கு அறிவோடும் கல்வியோடும் 'உரு'வும் வேண்டும் என்கிறார். கண்டவர் விரும்பும் தோற்றப் பொலிவு என்று அதற்குப் பொருள் உரைப்பர்.

இவை இரண்டும் முரண் அல்ல. வேற்று வேந்தன் அவையில் தன் நாட்டின் முகமாக நிற்பவன் தூதன். அவனுக்குத் தோற்றமும் தொழிலின் ஒரு பகுதி. அவனுக்குக்கூட அறிவுக்கும் கல்விக்கும் நடுவில்தான் உரு வைக்கப்பட்டிருக்கிறது; தனித்து நிற்க விடப்படவில்லை. கணக்கு எழுதுபவருக்கும், மருந்து கலக்குபவருக்கும், பாடம் சொல்பவருக்கும், பொறி பழுது பார்ப்பவருக்கும் வள்ளுவர் அப்படி ஒரு நிபந்தனை விதிக்கவில்லை. நம் காலத்து முதலாளிகளோ எல்லா வேலைக்காரரையும் தூதராக்கிவிட்டார்கள். கிடங்கில் மூட்டை எண்ணுபவருக்கும் 'கவர்ச்சியான தோற்றம்' கேட்கிறார்கள்.

இக்கேள்வி நீதிமன்றங்களுக்கும் சென்றிருக்கிறது. ஏர் இந்தியாவின் விமானப் பணிப்பெண்கள் தொடுத்த வழக்கில் நம் உச்சநீதிமன்றம் 1981-இல் தீர்ப்பளித்தது. பணிப்பெண் முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற வேண்டும். பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் மணம் முடித்தாலும், முதன்முறை கருவுற்றாலும் அதற்கு முன்னரே வெளியேற வேண்டும் என்பது அன்றைய விதி. கருவுற்றால் நீக்கும் விதியை நீதிமன்றம் அடியோடு தள்ளியது. நான்கு ஆண்டு மணத்தடையை மட்டும் ஏற்றுக்கொண்டது. தாய்மையே பணிநீக்கத்துக்குக் காரணமாக இருந்தது என்றால், அந்தப் பெண்ணிடம் நிறுவனம் வாங்கியது உழைப்பையா, இளமையையா?

அமெரிக்காவின் டல்சா நகரில் 2008-இல், அபர்குரோம்பி அண்ட் ஃபிட்ச் என்னும் ஆடை நிறுவனத்தின் கடைக்கு முஸ்லிம் இளம்பெண் ஒருத்தி முக்காட்டுடன் வேலை கேட்டுச் சென்றாள். தேர்வு செய்தவர் தகுதி உண்டென்றே மதிப்பெண் இட்டார். மேலிருந்தவர், முக்காடு நிறுவனத்தின் 'தோற்ற விதி'க்கு ஒவ்வாது என்றார், வேலை கிடைக்கவில்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2015-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவள் பக்கம் நின்றது. சமய வழக்கத்துக்கு இடமளிப்பதைத் தவிர்க்கும் நோக்கத்தோடு வேலை மறுத்தால் அது சட்டமீறலே; அவ்வழக்கத்தை அவள் வாய்விட்டு அறிவித்திருக்க வேண்டும் என்பதில்லை என்று உரைத்தது.

எல்லா வழக்கும் இவ்வாறு முடிவதில்லை. இந்திய விமானப்படையில் தாடி வளர்த்ததற்காக நீக்கப்பட்ட முஸ்லிம் வீரரின் வழக்கில், 2016 டிசம்பரில் நம் உச்சநீதிமன்றம் படையின் சீர்மையையும் ஒழுங்கையும் முன்வைத்து நீக்கத்தை உறுதி செய்தது. அத்தீர்ப்பில் நமக்கு வருத்தம் இருக்கலாம். ஆனால் சீருடைப் படைக்குச் சொல்லப்பட்ட காரணத்தைத் துணிக்கடையும் வங்கியும் பள்ளியும் இரவல் வாங்க இயலாது என்பதை மறக்கலாகாது.

வேலை கிடைத்த பின்னும் தோற்றத்தின் ஆட்சி ஓய்வதில்லை. நம் ஊர்களின் பெரிய துணிக்கடைகளில் விற்பனைப் பெண்கள் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருந்ததை நாம் பார்த்திருக்கிறோம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் விற்பனையா கெட்டுவிடும்? கடை சுறுசுறுப்பாக 'தோன்ற' வேண்டும், அவ்வளவுதான். அத்தோற்றத்துக்கு விலையாகக் கால் வீக்கத்தையும் இடுப்பு வலியையும் அப்பெண்கள் செலுத்தினர். கேரளம் 2018-இலும், தமிழ்நாடு 2021-இலும் கடைச் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் அமர இருக்கை தர வேண்டும் என்று விதித்தன. சட்டம் வந்துவிட்டது. நாற்காலி வந்துவிட்டதா என்பதை, அடுத்த முறை பெருநாள் துணி எடுக்கப் போகும்போது நம் குடும்பத்தார் ஒரு முறை பார்த்து வரலாம்.

இதுவரை பிறரைக் குறை கூறினோம். இனி நம் வீட்டுக்குள் வருவோம். நம்மவர் கடைகளில் நடப்பது என்ன? 'பார்வையாக இருக்கிற பையனைக் கல்லாப் பக்கம் வை. அவனைக் கிடங்குக்கு அனுப்பு' என்ற சொல் நம் செவியில் விழுந்ததே இல்லையா? 'கறுப்பன்', 'குட்டையன்' என்று ஊழியரை அழைப்பதை விளையாட்டு என்று கொள்கிறோம். அழைக்கப்படுபவர் சிரிப்பது வேடிக்கைக்காக அன்று, சம்பளத்துக்காக. வேலை தேடும் முன்பே நம் பெண்மக்கள் நிறத்துக்காக வீட்டில் ஒரு தேர்வு எழுதிவிடுகிறார்கள். 1975-இல் சந்தைக்கு வந்த முகக் களிம்பு ஒன்று, நிறம் வெளுத்ததால் வேலை கிடைத்ததாகப் படம் காட்டி விற்றது. மாதர் அமைப்பின் எதிர்ப்புக்குப் பின் 2003-இல் அவ்விளம்பரம் நிறுத்தப்பட்டது. 2020-இல் பெயரையே மாற்றிக்கொண்டது. களிம்பின் பெயர் மாறிவிட்டது. நம் பேச்சு மாறியதா?

ஒன்று செய்யலாம். நம் கையில் உள்ள கடைகளிலும், பள்ளிகளிலும், அறக்கட்டளைகளிலும் ஆள் எடுக்கும்போது, முதலில் வேலையைச் செய்து காட்டச் சொல்வோம். முகத்தைப் பின்னர்ப் பார்ப்போம். விண்ணப்பத்தில் நிழற்படம் கேட்பதை நிறுத்துவோம். மேலை நாட்டு இசைக்குழுக்கள் பல, வாசிப்பவரைத் திரைக்குப் பின் அமர்த்தி ஒலியை மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுக்கின்றன. செவி தீர்ப்பளிக்க வேண்டிய இடத்தில் கண் குறுக்கே வரலாகாது என்ற அறிவு அது. கணக்கரைத் தேர்வதற்கு அப்படியொரு திரை நமக்கு ஏன் தோன்றவில்லை?

முதவக்கில் தவறியதை அவருக்கு முன்னிருந்தோர் செய்து காட்டியிருக்கிறார்கள். மக்காவில் அதா இப்னு அபீரபாஹ் (ரஹ்) என்று ஒரு பெரியார் இருந்தார். கறுத்த நிறம், சப்பை மூக்கு, ஒரு கண்ணில் பார்வையில்லை, காலும் ஊனம் என்று வரலாற்றாசிரியர்கள் அவரை வருணிப்பர். ஹஜ்ஜுக் காலத்தில் அவரையன்றி வேறெவரும் மார்க்கத் தீர்ப்பு வழங்கலாகாது என்று உமையாக்கள் முரசறைவித்தார்கள் என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். கலீஃபா சுலைமான் தம் மைந்தரோடு அவர்முன் அமர்ந்து வினாக்களுக்கு விடை கேட்டுச் சென்றார். அந்த அதா இன்று நம் நிறுவனம் ஒன்றின் வாயிலில் விண்ணப்பத்தோடு வந்து நின்றால், உள்ளே அழைப்போமா? நம்மில் ஆள் எடுக்கும் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவரும் இதற்கு விடை எழுதட்டும்.