தடம் பார்க்கிறவர்

பண்ணைப்புரத்தில் விடியுமுன் ஜீப் ஏறினால், கோம்பை, உத்தமபாளையம், கம்பம் தாண்டி, லோயர் கேம்ப் வளைவுகளில் ஏறிக் குமுளியைத் தொடுகையில் உடம்பு போர்வை தேடும். பெரியாறு தேசியப் பூங்காவில் படகுச் சவாரியைவிட எனக்கு நடைதான் உயர்வு. அட்டை ஏறாமலிருக்க முழங்கால்வரை துணியுறை மாட்டிக்கொண்டு வழிகாட்டி அண்ணன் பின்னாலேயே போக வேண்டும்.

அவர் அதிகம் பேசுவதில்லை. யானை லத்தியருகே குனிந்து புறங்கையால் சூடு பார்ப்பார். "இப்பத்தான் போயிருக்குய்யா, மெல்ல வாங்க." தூரத்தில் கருமந்தி கத்தினால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். மூச்சுக்கூடச் சத்தமாகத் தோன்றும். என்ன கூர்மை அந்தக் காதுக்கு!

இந்த வழிகாட்டிப் பணியின் முன்னோடிகளில் சிலர், வயணா என்னும் காட்டுப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள். 1990களின் பிற்பகுதியில் வனத்துறை அவர்களையே காவலுக்கும் வழிகாட்டவும் அழைத்தது. ஒளிந்து திரிந்து பழகிய கண்கள் இன்று புலித்தடம் காட்டுகின்றன.

நடை முடிந்து ஏரிக்கரை. 1895இல் கட்டி முடிந்த பெரியாறு அணையின் நீரில் மூழ்கிய மரங்கள் இன்னும் கறுத்து நிற்கின்றன. ஒன்றின் உச்சியில் நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்துகிறது. இந்தத் தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இறங்கி, கீழே நம் வயல்களில் இருபோகம் நெல்லாகிறது.