தேய்த்தவன் எங்கே?

‘விலங்கு வரைய எண்ணெய் வண்ணந்தான் சரி. அக்ரிலிக்கில் மயிர் வராது, ஈரக்கண் வராது’ என்று ஓவிய நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதில் பாதி உண்மை. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சி மெல்ல இறுகுவது. நாள்கணக்கில் ஈரமாய்க் கிடக்கும். நேற்று வைத்த பழுப்போடு இன்றைய வெளிச்சத்தை இழைத்துவிடலாம். தோலின் மினுமினுப்பு அப்படித்தான் வருகிறது. 1950களில் கடைக்கு வந்த தண்ணீர் அக்ரிலிக்கோ நீர் ஆவியானதும் நிமிஷங்களில் காய்ந்துவிடும். காய்ந்தபின் தண்ணீரில் கரையாது. இழைப்பது கஷ்டம், கோட்டின்மேல் கோடாக அடுக்க வேண்டும்.

சரி, மினுமினுப்புதான் விலங்கு என்று முடிவு செய்தது யார்?

லண்டன் நேஷனல் கேலரியில் ஜார்ஜ் ஸ்டப்ஸின் ‘விசில்ஜாக்கெட்’ இருக்கிறது. 1762 வாக்கில் வரைந்தது. மூன்று மீட்டருக்குச் சற்றே குறைந்த உயரம். ராக்கிங்ஹாம் பிரபுவின் குதிரை. பின்னணி இல்லை, மனிதர் இல்லை, செம்பழுப்புத் தோல் மட்டும் ஜொலிக்கிறது. செத்த மாட்டுத் தோலை உரித்தே என்னைப் படிக்க வைத்த அப்பாவிடம் அதன் அச்சுப்படத்தைக் காட்டினேன். “இவ்ளோ பளபளன்னு தேச்சு வச்சிருக்கே, தேச்சவன எங்க காணோம்?” என்றார். நான் படித்த எந்த ஓவிய விமர்சனமும் இதைக் கேட்டதில்லை.

ஸ்டப்ஸுக்கும் இந்தக் கேள்வி அந்நியமல்ல. லிவர்பூலில் தோல் பதப்படுத்திப் பிழைத்தவரின் மகன் அவர். 1756இல் ஹார்க்ஸ்டோ கிராமத்தில் 18 மாதம் செத்த குதிரைகளை அடுக்கடுக்காக உரித்து, அறுத்து, வரைந்து பார்த்தவர். தோலுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று கையால் அறிந்தவர். அந்தக் கையறிவு பிரபுவின் உடைமைக்கு மெருகேற்றவே போயிற்று. எண்ணெயின் பளபளப்பும் குதிரைக்காரனின் உழைப்பும் ஒன்றாகச் சேர்ந்து எஜமானனின் பெருமையாகிவிட்டன.

ஆனால் எண்ணெய் மட்டுமே குற்றவாளி என்றால் அது சோம்பேறி விமர்சனம். அதே ஸ்டப்ஸ் 1800 வாக்கில் ‘ஹாம்பிள்டோனியன்’ என்ற பந்தயக் குதிரையை வரைந்தார். 1799இல் நியூமார்க்கெட்டில் சாட்டையடி பட்டு, குதிமுள் குத்து பட்டு ஜெயித்த குதிரை. ஓவியத்தில் அது களைத்து நிற்கிறது. பக்கத்தில் லாயக்காரரும் ஒரு பையனும். பையன் கையில் தேய்க்கிற துணி. இரண்டு பேரும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். இதுவும் எண்ணெய் வண்ணம்தான். சொந்தக்காரர் கூலி தர மறுத்தார், ஸ்டப்ஸ் வழக்குப் போட வேண்டிவந்தது. அப்பா கேட்டவன் இங்கே இருக்கிறான்.

இனி அக்ரிலிக். மத்தியப் பிரதேசத்தின் பாடன்கர் கிராமத்துப் பர்தான் கோண்டு ஓவியர் ஜங்கர் சிங் ஷியாம், மை, போஸ்டர் வண்ணம், அக்ரிலிக் எல்லாவற்றிலும் வரைந்தார். அவருடைய மானுக்கு மயிரில்லை, மினுமினுப்பில்லை. கொம்பு மரமாய்க் கிளைவிடுகிறது. உடம்பு முழுக்கப் புள்ளியும் சிறு கோடுமாய் நிறைந்து அதிர்கிறது. அடிவண்ணம் காய்ந்தால்தான் புள்ளி கலங்காமல் நிற்கும். எண்ணெயில் அதற்கு நாள்கணக்காய்க் காத்திருக்க வேண்டும். நண்பர்கள் குறையென்று சொன்ன அந்த அவசரக் காய்ச்சல்தான் இங்கே பலம். மயிரை வைத்து இந்த மானை அளப்பவர்கள் எஜமானனின் அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார்கள். ‘பழங்குடிக் கலை’ என்று தனி அறைக்குத் தள்ளுவதும் அதே கோல்தான்.

அந்த மானை அப்பா நெடுநேரம் பார்த்தார். “இது யாரு வீட்டு மானும் இல்ல” என்றார்.

அப்படியே இருந்துவிட்டால் நல்லது. ஜங்கர் 2001இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் வேலை செய்யப் போன இடத்தில் தற்கொலை செய்துகொண்டார். அவர் படங்கள் ஏலக்கூடங்களில் விலைபோயின. யாரு வீட்டு மானும் இல்லாத மானுக்கும் வீடு பிடித்துக் கொடுக்கிறது சந்தை. அக்ரிலிக்கால் அதைத் தடுக்க முடியவில்லை.