மாரிப் நகரத்துக் காணிக்கைச் சாசனங்கள்

ஏமன் தேசத்தில், பாலைவனத்தின் விளிம்பில் அமைந்த மாரிப், பண்டை ஸபா ராஜ்யத்தின் தலைநகராக விளங்கியது. அதன் புறத்தே அல்மகா என்னும் தெய்வத்துக்குரிய அவாம் ஆலயத்தில், 1951-52ஆம் ஆண்டுகளில் வெண்டல் பிலிப்ஸ் தலைமையிலான அமெரிக்கக் குழுவினர் மணலை விலக்கியபோது, எழுத்துப் பொறித்த கற்பீடங்கள் ஏராளமாக வெளிப்பட்டன. அவற்றை முதன்முறை வாசிப்பவர் அலுத்துப்போவது இயல்பே. ஏனெனில் ஏறக்குறைய எல்லாச் சாசனங்களும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. இன்னானின் மகன், இன்ன குலத்தவன், தன் தெய்வத்துக்கு இந்த வெண்கலப் பிரதிமையைச் சமர்ப்பித்தான் என்று தொடங்கி, அதற்குக் காரணத்தைச் சொல்லி, இனியும் வேண்டும் வரங்களை அடுக்கி முடிப்பது அவ்வாய்பாடு.

ரசிகர் நிதானிக்க வேண்டிய இடம் நடுவில் உள்ள அந்தக் காரணமே. அரசனின் படையோடு சென்றவன் கொள்ளைப் பொருளோடும் சிறைப்பட்டவர்களோடும் உயிருடன் திரும்பியது, நோயாளி எழுந்து நடமாடியது, வேண்டிய பிள்ளை பிறந்தது என்று, சுற்றிலும் உள்ள சம்பிரதாய வாசகம் அசையாமல் நிற்கும்போதே, ஒரு தனி மனிதனின் கலக்கமும் ஆறுதலும் அங்கே மட்டும் ஒலிக்கின்றன. முன்னும் பின்னும் உள்ளவை எத்தனை முறை திரும்ப வந்தாலும், இந்தப் பகுதியை அவசரமாகக் கடப்பவருக்குச் சாசனத்தின் ஜீவன் அகப்படாது என்பது என் துணிபு.

பொருளறியாதவர்க்கும் கண்ணுக்கு விருந்து உண்டு. இருபத்தொன்பது மெய்யெழுத்துகளைக் கொண்ட அந்த லிபியில் உயிரெழுத்துக் குறிகள் பொதுவாக இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஒரு செங்குத்துக் கோடு நிற்கும். வரிகள் வலமிருந்து இடமாக ஓடும். மிகப் பழைய சாசனங்களிலோ, உழவுமாடு சால் முடிவில் திரும்புவதுபோல, அடுத்த வரி எதிர்த்திசையில் திரும்பிவிடும். பீடத்தின் மேற்பரப்பையும் பாருங்கள்: பிரதிமையின் பாதங்களைப் பொருத்திய குழிகள் மட்டும் எஞ்சியிருக்க, வெண்கலம் பெரும்பாலும் மறைந்துபோயிற்று.

தப்பிய வெண்கலங்களுள் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒரு வலக்கை ஈடற்றது. கி.பி. இரண்டு அல்லது மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதனை, வஹப் தாலப் என்பவர் தம் க்ஷேமத்தை வேண்டித் தாலப் ரியாம் என்னும் தெய்வத்துக்கு அளித்தார். நகங்கள் அத்தனையும் தெளிவாக இருக்க, சுண்டுவிரல் மட்டும் சற்றே வளைந்திருப்பதால், அது சிற்பியின் கற்பனையில் பிறந்த பொதுக் கையன்று, ஒருவருடைய சொந்தக் கையே என்று மனம் நம்பிவிடுகிறது. அந்தப் புறங்கையின்மீதே பிரார்த்தனையைப் பொறித்திருக்கிறார்கள்.

இவற்றினும் என்னை ஆட்கொள்பவை ஜவ்ஃப் பிரதேசத்து ஹரம் நகரில் கிடைத்த பிழையறிக்கைச் சாசனங்கள். தீட்டு விலக்காமல் நெறி மீறியதை ஒருவன் து-ஸமாவி என்னும் தெய்வத்தின்முன் பெயர் சொல்லி, செய்த குற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒப்புக்கொண்டு, பணிந்து அருள் வேண்டுகிறான். வெற்றியைப் பொறித்துவைக்கும் அரசர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. தன் அந்தரங்கப் பிழையைத் தன் பெயரோடு வெண்கலத் தகட்டில் எழுதுவித்து, எவரும் வாசிக்கக்கூடிய ஆலயத்தில் வைத்த சாமானியரை இங்கே சந்திக்கிறோம்.