மதர் சுப்பீரியரின் மாணவன்

டிசம்பர் பிறந்தால் போதும், திகில் பட ரசிகர்கள் 'சைலன்ட் நைட், டெட்லி நைட்' படத்தைத் தூசி தட்டி எடுத்துவிடுகிறார்கள். 1984இல் பத்து லட்சம் டாலர்கூடச் செலவில்லாமல் எடுத்த படம் அது. 2012இல் ஒரு முறை மறு ஆக்கம் செய்தார்கள். 2025 டிசம்பரில் மைக் பி. நெல்சன் இயக்கத்தில் இன்னொரு முறை வந்தது. மறு ஆக்கம் வரும்போதெல்லாம் மூலப் படத்துக்கு ஒரு புது மரியாதை வந்து ஒட்டிக்கொள்ளும். இந்த முறை அது அளவுக்கு மீறி ஒட்டியிருக்கிறது. அன்று இந்தப் படத்தை விரட்டியவர்கள் விவரமில்லாதவர்களாம். பிள்ளைப் பருவத்துக் காயத்தை ஆராயும் படமாம். மத நிறுவனத்தின் கொடுமையைத் தோலுரிக்கும் படமாம். முதலாவதை ஏற்றுக்கொள்கிறேன். மற்ற இரண்டையும் ஏற்க முடியாது. தண்டனையைக் கண்டிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இந்தப் படம் அந்தத் தண்டனையைத் தன் கேமராவாலேயே நிறைவேற்றுகிறது. பல ஆண்டுகளாக நான் சொல்லிவரும் குறை இதுதான். புதிய பாராட்டுரைகள் எதுவும் இதற்குப் பதில் சொல்லவில்லை.

அன்றைய களேபரம் எல்லோரும் அறிந்தது. 1984 நவம்பர் 9 அன்று வெஸ் கிரேவனின் 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' வெளியான அதே நாளில் இதுவும் வெளியானது. முதல் வார இறுதி வசூலில் அதை முந்தவும் செய்தது. போஸ்டரில் புகைபோக்கிக்குள் இறங்கும் சிவப்புக் கை, அந்தக் கையில் கோடரி. பிள்ளைகள் டிவி பார்க்கும் நேரத்தில் விளம்பரம் ஓடியது. பெற்றோர் தியேட்டர் வாசலில் மறியலுக்கு நின்றார்கள். விமர்சகர் ஜீன் சிஸ்கெல் தொலைக்காட்சியில் படத்தை எடுத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து வெட்கக்கேடு என்றார். படத்தை வெளியிட்ட ட்ரைஸ்டார் நிறுவனம் முதலில் விளம்பரங்களையும் பிறகு படத்தையும் திரும்பப் பெற்றது. அப்போது கொதித்தெழுந்து கண்டித்த நடிகர் மிக்கி ரூனி, 1991இல் இதே வரிசையின் ஐந்தாம் பாகத்தில் பொம்மை செய்பவராக வந்து நடித்தார் என்பது தனிக் கூத்து.

இந்தச் சண்டை முழுவதும் கொலைகாரன் போட்டுக்கொண்ட கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு அங்கியைப் பற்றியது. கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் கொலைகாரன் வருவது அப்போதே புதிதல்ல. 1972இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்' படத்தில் ஜோன் காலின்ஸின் வீட்டுக்கு அப்படி ஒருவன் வந்துவிட்டான். எதிர்த்தவர்கள் அங்கியைப் பார்த்துக் கோபப்பட்டார்கள். இன்று ஆதரிப்பவர்கள் அதே அங்கியைக் கலகக் கொடியாக உயர்த்திப் பிடிக்கிறார்கள். அதற்கு அடியில் என்ன நடக்கிறது என்று இரு தரப்பும் கேட்கவில்லை.

படத்தின் நல்ல இடங்களை மறைக்க வேண்டியதில்லை. யூட்டாவின் பனி, சிக்கனமாக எடுத்த படத்துக்குப் பெரிய படத்தின் களையைக் கொடுத்திருக்கிறது. மனநலக் காப்பகத்தில் கல்லாய்ச் சமைந்திருக்கும் தாத்தா, மற்றவர்கள் நகர்ந்ததும் ஐந்து வயதுப் பேரன் பில்லியின் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பிக்கும் இடம் இன்றைக்கும் குலை நடுங்கவைக்கும். அநாதை இல்லத்துத் தலைமைக் கன்னியாஸ்திரியான மதர் சுப்பீரியராக வரும் லிலியன் ஷோவனுக்கு மிரட்டுவதற்குக் குரலை உயர்த்தவே தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேல், சிண்டி என்ற சிறுமி வரும் காட்சி. வளர்ந்து கொலைகாரனாகி, இரண்டு கொலைகளை முடித்த கையோடு நிற்கும் பில்லி, நீ நல்ல பிள்ளையா என்று கேட்கிறான். ஆமாம் என்கிறாள். பரிசாக, அட்டைப்பெட்டி அறுக்கும் கத்தியை, ரத்தக்கறையோடு, அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். அந்த ஒரு நிமிடம் உயர்ந்த சினிமா. அதோடு சரி.

ஆதரவாளர்களின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்வோம். கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்ட திருடன் ஒருவன் பெற்றோரைக் கொல்வதை ஐந்து வயதில் பார்த்தவன் பில்லி. அநாதை இல்லத்தில் மதர் சுப்பீரியர் அவனுக்குப் புகட்டுவது இரண்டே பாடங்கள்: உடலுறவு பாவம்; பாவத்துக்குத் தண்டனை தவறாது. பதினெட்டு வயதில் அவனைப் பொம்மைக் கடை வேலையில் சேர்த்துவிடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் முதலாளி அவனுக்கே அந்தச் சிவப்பு அங்கியை மாட்டிவிடுகிறார். பயமும் பாடமும் ஒன்று சேர, அவன் தண்டிக்கக் கிளம்புகிறான். ஆகவே படத்தில் காமத்துக்குத் தண்டனை கிடைக்கிறதென்றால் அது மதர் சுப்பீரியரின் நீதி, படத்தின் நீதியல்ல. படம் அதைக் காட்டிக் கண்டிக்கிறது என்கிறார்கள். காகிதத்தில் பிசிறில்லாத வாதம். திரையில் நிற்காது.

டெனிஸ் சாகும் காட்சியைப் பாருங்கள். லினியா குயிக்லி நடித்தது. இந்தப் படத்தின் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் நினைவு வருவது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவள், பில்லியர்ட்ஸ் மேசைமேல் காதலனோடு இருக்கிறாள். வெளியே பூனைச் சத்தம். மேலே போய் வாசல் கதவைத் திறக்கிறாள், மேல்சட்டை இல்லாமல். வெளியே யூட்டாவின் டிசம்பர் இரவு. பனி கொட்டிக் கிடக்கும் வாசலை எந்தப் பெண் இப்படிப் போய்த் திறப்பாள்? பில்லி இன்னும் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அவளை அப்படி நடத்திக் கூட்டிவந்தது அவனுடைய நோயுற்ற மனமா, மதர் சுப்பீரியரின் போதனையா? இரண்டும் இல்லை. கேமரா கூட்டிவந்தது. டிக்கெட் வாங்கியவனுக்கு முதலில் உடம்பைக் காட்டிவிட்டு, அதைக் காட்டிய குற்றத்துக்காக அவளைத் தூக்கிச் சுவரில் மாட்டியிருக்கும் மான்கொம்பில் குத்தி மாட்டுகிறது. பார்த்து ரசி, பிறகு அவளைக் கொல் என்பது பில்லியின் சட்டமல்ல, படத்தின் சட்டம்.

கடையின் பின்னறைக் காட்சி இதைவிட மோசம். உடன் வேலைபார்க்கும் ஆண்டி, பமேலாவைப் பலவந்தப்படுத்துகிறான். அவள் கெஞ்சுகிறாள். பில்லி வருகிறான், தன் தாய்க்கு நடந்தது கண்முன் வர, அலங்கார விளக்குச் சரத்தால் ஆண்டியைக் கழுத்திறுக்கிக் கொல்கிறான். படம் தன் கருத்தைச் சொல்லக் கிடைத்த அருமையான தருணம் இது. தாயைக் காப்பாற்ற முடியாமல் போன பிள்ளை, இப்போது ஒரு பெண்ணைக் காப்பாற்றியிருக்கிறான். அடுத்த கணமே அவளையும் கொல்கிறான். ஏன்? மதர் சுப்பீரியரின் பாடத்தில் பலவந்தம் செய்தவனுக்கும் அதற்கு ஆளானவளுக்கும் வித்தியாசம் கிடையாது என்பதனாலா? அப்படியானால் அந்தக் கொடூரத்தை நாம் உணரும்படி செய்ய வேண்டியது இயக்குநரின் வேலை. அவளுடைய பயத்தில், நியாயமற்ற அவளுடைய சாவில், படம் ஒரு நொடியாவது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கிழிந்த சட்டையோடு அவளைக் காட்டியாயிற்று, கத்தி வயிற்றில் இறங்கியாயிற்று, அடுத்த ஆள் யார் என்று நகர்ந்துவிடுகிறது. பமேலா என்றொரு மனுஷி இருந்ததைக் கொன்றவனும் மறந்துவிட்டான், படமும் மறந்துவிட்டது.

இந்தக் கோளாறு எங்கிருந்து வந்தது என்பதற்குப் படம் உருவான விதமே ஒரு தடயம் தருகிறது. இயக்குநர் சார்லஸ் ஈ. செல்லியர், 'கிரிஸ்லி ஆடம்ஸ்' போன்ற குடும்பப் பொழுதுபோக்குகளால் அறியப்பட்டவர். கொலைக் காட்சிகளை எடுக்க அவருக்குக் கை வரவில்லை. படத்தொகுப்பாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் அவற்றை எடுத்துக்கொடுத்தார். திரையில் அந்தத் தையல் அப்பட்டமாகத் தெரிகிறது. முன்பாதியில் 1971, 1974 என்று ஆண்டு ஆண்டாகக் காரணங்களை அடுக்கி, வாய்ப்பாடு ஒப்பிப்பதைப்போல ஒரு கொலைகாரனை உருவாக்கிக் காட்டுகிறார்கள். கோடரி வெளியே வந்ததும் அந்தக் காரணங்களுக்கு வேலை தீர்ந்துவிடுகிறது. அதன்பின் பில்லிக்கு மனம் என்று ஒன்று இல்லை. தண்டனை பற்றி ஒரு வாக்கியம், கையில் ஓர் ஆயுதம், அவ்வளவுதான். காயத்தைப் பற்றிய படம் என்கிறார்கள். காயம் இங்கே அனுமதிச் சீட்டு மட்டுமே. அதைக் காட்டி உள்ளே நுழைந்தபின் யாரை வேண்டுமானாலும் வெட்டலாம்.

அந்தக் காலத்து ஸ்லாஷர் எனப்படும் தொடர்கொலைத் திகில் படங்கள் எல்லாமே இப்படித்தான் என்று ஒரு சமாதானம் வரும். அதுவும் உண்மையில்லை. இதற்குப் பத்தாண்டு முன்னால், 1974இல், பாப் கிளார்க் கனடாவில் எடுத்த 'பிளாக் கிறிஸ்துமஸ்' படத்தில் முதலில் சாகிறவள் பெண்கள் விடுதியிலேயே மிகவும் அடக்கமானவள். கடைசிவரை கொலைகாரனோடு போராடுகிற ஜெஸ், திருமணமாகாமல் கர்ப்பமானவள், கருவைக் கலைக்க முடிவெடுத்தவள். அந்த முடிவுக்காகப் படம் அவளைத் தண்டிக்கவில்லை. அவள் பக்கமே நிற்கிறது. கொலைகாரன் யார், அவனுக்கு என்ன காயம் என்று ஒரு வரி விளக்கமும் கிடையாது. 1980இல் வந்த லூயிஸ் ஜாக்சனின் 'கிறிஸ்துமஸ் ஈவில்' படத்திலும் ஹேரி என்ற பொம்மை ஆலை ஊழியன் பிள்ளைப் பருவக் காயத்தோடுதான் வருகிறான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் நல்லதையும் கெட்டதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கும் அந்த மனிதனின் தனிமையைப் படம் கடைசிக் காட்சிவரை கைவிடுவதில்லை. அவனும் கொல்கிறான், ஆனால் அவன் கொல்வதற்காகக் கேமரா யாருடைய சட்டையையும் கழற்றிவைக்கவில்லை. ஆக, மற்ற வழிகள் இருந்தன. செல்லியரின் படம் மலிவான வழியைத் தேர்ந்தெடுத்தது. மலிவு என்று நான் சொல்வது பட்ஜெட்டை அல்ல.

முடிவுக்கு வருவோம். அநாதை இல்லத்துக்குப் பரிசு கொண்டுவரும் காது கேளாத பாதிரியாரை, சிவப்பு அங்கியைப் பார்த்த போலீஸ்காரர் நிற்கச் சொல்லிவிட்டுச் சுடுகிறார். பிள்ளைகள் கண்ணெதிரே அவர் விழுகிறார். பில்லிக்குச் சிறு வயதில் நடந்தது இப்போது ஒரு கூட்டத்துக்கே நடந்துவிட்டது. காயத்தைப் பற்றிய படமாக இருந்தால் இங்கேதான் மூச்சடக்கி நின்றிருக்க வேண்டும். இதையும் அவசரமாகக் கடந்து, பில்லியைச் சக்கர நாற்காலியில் இருக்கும் மதர் சுப்பீரியரின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. கோடரி உயர்கிறது. அவருக்கு ஒரு கீறல்கூட விழாமல், பின்னாலிருந்து துப்பாக்கி பில்லியை வீழ்த்துகிறது. பமேலாவுக்கும் டெனிஸுக்கும் சரியான நேரத்தில் வராத போலீஸ், மதர் சுப்பீரியருக்கு மட்டும் வருகிறது. இதை முரண்நகை என்பவர்கள் இருக்கிறார்கள். முரண்நகைக்கு, தான் செய்வது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். இந்தப் படத்துக்குத் தெரிந்திருந்த அறிகுறி இல்லை. மதர் சுப்பீரியர் திரைக்கதை எழுதியிருந்தால் சாக வேண்டியவர்களின் பட்டியல் அநேகமாக இப்படித்தான் இருந்திருக்கும். சட்டையைக் கழற்றும் இடங்களை மட்டும் அடித்திருப்பார்.

எதிர்ப்பாளர்கள் விரட்டியதால் மட்டும் ஒரு படம் கலகப் படம் ஆகிவிடாது. 1987இல் லீ ஹேரி எடுத்த இரண்டாம் பாகம், முதல் படத்தின் காட்சிகளையே பெருமளவுக்குத் திரும்ப ஓட்டி ஒப்பேற்றிய படம். அதைப் பார்ப்பவர்கள் சிரிக்கத்தான் பார்க்கிறார்கள். அதில்கூடப் பில்லியின் தம்பி ரிக்கி, நேராக மதர் சுப்பீரியரின் வீட்டைத் தேடிப் போகிறான். கணக்கு யாரிடம் பாக்கி என்பது அந்தக் கேலிப் பொருளுக்குத் தெரிந்திருந்தது. இன்று மாலை போட்டுக் கொண்டாடப்படும் மூலப் படத்துக்குத் தெரியவில்லை.