பூட்டும் தோல்வாரும்: ஹன்னா கல்விக்கை வாசித்தல்

அடங்கிப்போவதில் இன்பம் கண்ட ஒருத்தியின் எழுத்தை நம் தோழர்கள் மத்தியில் வைத்தால் இரண்டு பதில்கள்தான் வரும். ஒன்று, 'போலிப் பிரக்ஞை'. இன்னொன்று, 'அது அவங்க அந்தரங்கம், நமக்கென்ன?' முதல் பதில் அவளைப் பேசவிடுவதில்லை. இரண்டாவது, அவள் பேசியதைக் கேட்காமல் நழுவுவதற்கு ஒரு நாகரிகமான வழி. இரண்டுக்குமே பிரதியை வாசிக்க வேண்டிய அவசியம் கிடையாது. ஹன்னா கல்விக்கின் நாட்குறிப்புகளை லிஸ் ஸ்டான்லி பதிப்பித்து 1984இல் விராகோ வெளியிட்டது. அதை வாசிக்க உட்கார்ந்தால் இந்த இரண்டு பதில்களும் இருபது பக்கத்துக்குக்கூடத் தாங்குவதில்லை.

ஹன்னா 1833இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் பிறந்தவள். எட்டு வயதில் வேலைக்குப் போனவள். கணப்படுப்புச் சாம்பல் அள்ளுவது, படிக்கட்டைத் தேய்ப்பது, பாத்திரம் கழுவுவது, பூட்ஸ் துடைப்பது என்று வீட்டு வேலைக்காரியாகவே வாழ்ந்தாள். 1854இல் லண்டன் தெருவில் ஆர்தர் மன்பியைச் சந்திக்கிறாள். கேம்பிரிட்ஜ் படிப்பு, வக்கீல் பட்டம், அரசுப் பணி, கொஞ்சம் கவிதை. உடலுழைப்புச் செய்யும் பெண்களைத் தேடித் தேடிப் போய்ப் பார்த்துக் குறிப்பெடுப்பது அவனுடைய வாழ்நாள் பித்து. இந்த இருவருக்கும் இடையில் ஏற்பட்ட உறவில் ஹன்னாவின் கழுத்தில் பூட்டுப் போட்ட சங்கிலி ஏறியது. சாவி மன்பியிடம். வலது மணிக்கட்டில் ஒரு தோல்வார். அவனை அவள் கூப்பிட்டது 'மாஸா' என்று. தோட்டங்களில் கறுப்பு அடிமைகள் எஜமானனைக் கூப்பிட்ட சொல் அது.

1854 தொடங்கி 1873 வரை போகிற இந்த நாட்குறிப்பு மன்பி கேட்டு எழுதியது, அவன் வாசிப்பதற்காக எழுதியது. இதை மறந்துவிட்டு வாசிக்கக் கூடாது. எழுதுவதே இங்கே கீழ்ப்படிதலின் ஒரு பகுதி. அதிகாரம் வாயை மூடவைப்பது மட்டுமல்ல, பேசு பேசு என்று தூண்டுவதும் அதன் வேலைதான் என்று ஃபூக்கோ 1976இல் எழுதியதை நம் பக்கங்களில் போதுமான அளவு மேற்கோள் காட்டியாயிற்று. ஆனால் ஹன்னா ஒப்புக்கொடுப்பது எதை? பரபரப்பான பாலியல் விவரம் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பக்கம் பக்கமாக வேலை. எத்தனை மணிக்கு எழுந்தாள், எந்தக் கணப்பைத் துடைத்தாள், மண்டி போட்டு எந்தத் தரையைத் தேய்த்தாள், எத்தனை ஜோடி பூட்ஸ். ஆண்டு முடிவில் கூட்டிக் கணக்குச் சொல்கிறாள். பூட்ஸை நாக்கால் நக்கியதும் அதே தொனியில், அதே கணக்கோடு வருகிறது. விக்டோரியக் கனவான் வீடுகளில் வேலைக்காரி கண்ணில் படாமல் வேலை நடந்து முடிந்திருக்க வேண்டும். அங்கே இந்த அழுக்கை ஒருவன் பார்க்கணும், வாசிக்கணும், மதிக்கணும் என்று அவள் ஆசைப்படுகிறாள். கரி படிந்த முகத்தோடு, கழுவாமலேயே அவனைப் பார்க்கப் போகிறாள். நாம் சட்டென்று 'இழிவு' என்று பெயர் வைத்துவிடுகிற இடத்தில் அவளுக்குக் கிடைத்தது அங்கீகாரம். எஜமானிகள் யாரும் தராத ஒன்று.

முதலாம் பதில்காரர்கள் இங்கே எழுந்து நிற்பார்கள்: சரிதான் ஐயா, சுரண்டலையே ஆசையாக மாத்திக்கிட்டா, அவ்வளவுதானே? அவ்வளவுதான் இல்லை. கூலிக்குச் செய்கிற அடிமைத்தனத்தையும் தானாகக் கொடுக்கிற அடிமைத்தனத்தையும் ஹன்னா ஒரு நாளும் குழப்பிக்கொள்ளவில்லை. எஜமானியின் அவமதிப்பு அவளுக்கு அவமதிப்பாகவே வலிக்கிறது. அதில் இன்பம் கிடையாது.

இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிவது அவள் மறுத்த இடங்களில். மன்பிக்கு அவளைச் சீமாட்டியாக்கிப் பார்க்கவும் ஆசை. 1873 ஜனவரியில் ரகசியமாகக் கல்யாணம் நடக்கிறது. அவளோ கல்யாணத்தைப் பெரிய பேறாக நினைக்கவில்லை. சட்டப்படியான மனைவி என்பது தன் சுதந்திரத்தைக் குறைக்கிற விஷயமாகவே படுகிறது. தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு அவனோடு பிரான்சுக்குப் பயணம் போனாள். அந்த வேஷம் அவளுக்கு ஒட்டவேயில்லை. அவனுடைய அறைகளில் வேலைக்காரியாகவே இருந்து, கூலியும் கேட்டு வாங்கினாள். யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டத்தில் மனைவியின் வீட்டு வேலைக்குக் கூலி கிடையாது, வேலைக்காரிக்கு உண்டு. மனைவி என்கிற கண்ணியமான அடிமைத்தனத்தைவிட, கணக்குப் பார்க்க முடிகிற, விட்டுவிட்டுப் போக முடிகிற இன்னொன்றை அவள் தேர்ந்துகொண்டாள். 1877இல் போயும் விட்டாள். பிறகு 1909இல் சாகும்வரை ஷ்ராப்ஷயருக்கு அவளைத் தேடி வந்துபோனது மன்பிதான்.

இதோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு விடுதலைக் கதையாடல். அப்படித்தான் வாசிக்கவும் படுகிறது. ஆன் மெக்லின்டாக் 'இம்பீரியல் லெதர்' (1995) நூலில் இந்தச் சடங்குகளை வர்க்கம், பால், நிறம் எல்லாவற்றையும் மேடையேற்றித் தலைகீழாக்குகிற நாடகமாகப் பார்க்கிறார். பெரும்பகுதி எனக்குச் சம்மதம். ஆனால் நிறத்தின் விஷயத்தில் அவர் அந்த நாடகத்துக்கு அளவுக்கு மேல் கொடுத்துவிடுகிறார். ஹன்னா உடம்பில் கரி பூசிக்கொண்டு அடிமையாகப் புகைப்படத்துக்கு நின்றவள். அவள் பிறந்த அதே 1833இல்தான் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. அமெரிக்காவில் 1865வரை அது நீடித்தது. அவள் நாட்குறிப்பில் 'மாஸா' என்று ஆசையோடு எழுதிய முதல் பதினோரு ஆண்டுகளும், அந்தச் சொல்லைச் சவுக்குக்குப் பயந்து சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருந்தார்கள்.

'மாஸா'வைத் தமிழில் எப்படிச் சொல்வது? எனக்கு உடனே வந்த சொல் 'ஆண்டை'. எழுதிப் பார்த்தால் கை கூசுகிறது. கீழத் தஞ்சையில் அந்தச் சொல்லை வாயிலிருந்து துப்ப எத்தனை பேர் அடியும் சாணிப்பாலும் வாங்கினார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அதைக் காதல் சொல்லாகக் கேட்க முடியாது. இந்தக் கூச்சம் ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. ஹன்னா எட்டு வயதிலிருந்து எஜமானர்களிடம் சொல்ல நேர்ந்த, தன் வாயில் திணிக்கப்பட்ட மரியாதைச் சொற்கள் எத்தனையோ. காதலுக்கு அவற்றில் எதுவும் போதவில்லை. இன்னொருவர் வாயில் திணிக்கப்பட்ட சொல்லைக் கடன் வாங்குகிறாள். தன் அடிமைத்தனம் எதுவென்று அவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்தவள், கடன் வாங்கியதற்குக் கணக்கே வைக்கவில்லை. என் விமர்சனம் அவள் ஆசைமேல் இல்லை, இந்த விடுபடல்மேல்.

இந்த இடத்தில் மசோக்கை இழுக்காமல் விட முடியாது. 'ரோமத்தில் வீனஸ்' 1870இல் வந்தது. ஒப்பந்தம் எழுதி அடிமையாகும் கனவான். டெல்யூஸ் 1967இல் அந்த ஒப்பந்தத்தைப் பற்றி எழுதியதை எல்லோரும் சொல்கிறார்கள். மசோக்கின் மனைவி வாண்டா 1906இல் தன் நினைவுகளை எழுதினாள். கணவனுடைய ஆசைக்காகச் சவுக்கெடுப்பது அவளுக்கு இன்னொரு வீட்டு வேலை, அதுவும் கூலியில்லாத வேலை. அந்தப் புத்தகத்தை யாரும் கோட்பாடாக வாசிப்பதில்லை. அடங்கும் ஆசையைப் பற்றிப் பேசும்போது யார் மண்டியிட்டார்கள் என்று மட்டும் கேட்கிறோம். யார் உழைத்தது, யாரால் எழுந்து போக முடிந்தது என்றும் கேட்டால் ஹன்னாவும் வாண்டாவும் ஒரே பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

மன்பியின் தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போய், அவன் விருப்பப்படி 1950வரை பூட்டியே கிடந்தன. அந்தப் பூட்டுக்கும் சாவி அவனுடையதுதான். யாராவது இந்த நாட்குறிப்பைத் தமிழில் கொண்டுவரணும். கொண்டுவருகிறவர்கள் 'மாஸா'வைத் தமிழாக்க வேண்டாம், அப்படியே விட்டுவிடட்டும்.